சோப்புக்கும் போகாத கறுப்பு

2005-ம் வருடம், கார்த்திகை மாதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. ஆர்.கே.பேட்டை பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்தவள். இரண்டு தோழிகளோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தேன். வாரம் ஆறு நாள் போல்ட்டைப் பார்ப்பேன், ஞாயிற்றுக்கிழமை பறவையைப் பார்ப்பேன். கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏரிக்கரையில் தனியாக அலைகிற பெண்ணை ஊர் சும்மா விடுமா? தொழிற்சாலையில் எல்லோருக்கும் நான் ‘குருவி மேடம்’. வெளியே முறைப்பேன், உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்தப் பெருமைக்கு அதே வருடம் ஒரு அடி விழுந்திருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற, உருட்டுகிற ஆலைகள் அதிகம். காற்றோடு வந்து படிகிற கரி எதையும் விடாது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். பள்ளிக்கூடத்துச் சுவர், முருங்கை இலை, மேய்கிற ஆடு, எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சு இருக்கும். இது தெரிந்தும், ஒருநாள் ஏரிக்கரையில் கன்னங்கரேல் என்று ஒரு கொக்கு நிற்பதைப் பார்த்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடற்கரைகளில் கறுப்பாகவே ஒரு கொக்கு உண்டு. நம் ஏரிக்கு அது வருவது அபூர்வம். சென்னையில் இருக்கும் எங்கள் பறவை நோக்கர் குழுவுக்கு உடனே போன் போட்டேன். மறுநாள் காலை முதல் ரயிலைப் பிடித்து ஆறு பேர் கேமரா, ஸ்டாண்டு சகிதம் வந்து இறங்கினார்கள்.

இடையில் இரவு நல்ல மழை. என் அபூர்வக் கொக்கு அதே இடத்தில், பாதி கழுவப்பட்டு, வரிவரியாக நின்றுகொண்டிருந்தது. சாதாரண உண்ணிக்கொக்குதான். ஆலைக் கரியில் புரண்டு வந்திருக்கிறது. ஆறு பேரும் நல்லவர்கள், யாரும் கேலி செய்யவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்கு மனதுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இந்த ஊரில் எது கறுப்பாகத் தெரிந்தாலும் அது கரி, அதற்கு மேல் யோசிக்கவே கூடாது.

கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் ஒன்று உருவாகி, இரண்டு நாள் பேய்க்காற்றும் மழையுமாக எங்களை ஆட்டிவிட்டு வடக்கே ஆந்திரா பக்கம் போனது. மழை விட்ட சனிக்கிழமை காலை. ஒரு பெரிய லோடு அன்றைக்கே அனுப்பியாக வேண்டும் என்று நான் போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் ஆலையின் கழிவு இரும்பை எடுக்க வருகிற பாய் உள்ளே வந்தார். பழவேற்காட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும். அவர் குடும்பமே வியாபாரக் குடும்பம். இவர் பழைய இரும்பு, அவர் அண்ணன் மீன். பாயின் கையில் மெஷின் துடைக்கிற பஞ்சுக் கழிவுச் சுருள் ஒன்று இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கறுப்பு அலகு நீட்டிக்கொண்டிருந்தது.

“குருவி மேடம், லாரிக்கு அடியில குந்திக்கினு இருந்துச்சி. பறக்க மாட்டேங்குது. இன்னா ஏதுன்னு நீங்கதான் பாக்கணும்.”

நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, கண்ணை ஒரு முறை ஓட்டினேன் என்பதுதான் உண்மை. கறுத்த தலை, நெற்றியில் கொஞ்சம் வெள்ளை, பருத்த கறுப்பு அலகு. மீதியெல்லாம் பஞ்சுக்குள். எங்கள் ஏரிக்குக் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வருகிற ஆலா என்கிற நீர்ப்பறவை ஒன்று உண்டு. முதுகு வெளிர் சாம்பல், அலகு இதே மாதிரி பருமன். குளிர்காலத்தில் அதன் தலை வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே என் சட்டம் குறுக்கே வந்தது. கறுப்பா? அப்படியானால் கரி. நெற்றியில் கரி படவில்லை, அதனால் அங்கே மட்டும் வெள்ளை.

“சாதாரண ஆலாதான் பாய். ஆலைக் கரியில விழுந்து எழுந்திருக்கு. கழுவி ஏரியில விட்டா போயிடும்” என்றேன். சொல்லும்போது குரலில் எவ்வளவு அதிகாரம் தெரியுமா?

எங்கள் பிரிவில் துப்புரவு வேலை பார்க்கிற அக்கா ஒருவர் உண்டு. தினமும் இரண்டு பிள்ளைகளின் யூனிஃபார்மிலிருந்து இந்த ஊர்க் கரியை வெளுத்தெடுக்கிறவர். கழுவுவதென்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். கை கழுவுகிற தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, கேன்டீனிலிருந்து பாத்திரம் தேய்க்கிற சோப்பை வாங்கி வந்து ஆரம்பித்தோம். அக்கா தேய்க்க, நான் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் கை வைத்ததும் தண்ணீர் கறுத்துப் போனது. அடியிலிருந்து பளீரென்று வெள்ளை வயிறு வந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்பதுபோல் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு எடை போடப் போய்விட்டார்.

முதுகுக்கு வந்தோம். அக்கா தேய்த்தார், மறுபடி தேய்த்தார். பிறகு நின்றுவிட்டார்.

“மேடம், இது போவல.”

“இன்னும் கொஞ்சம் சோப்பு போடுங்கக்கா. எண்ணெய் கலந்த கரியா இருக்கும்.”

“சோப்பு போட்டாச்சு. இத்த பாரு” என்று கையிலிருந்த துணியை விரித்துக் காட்டினார். “வவுத்த தொடச்ச எடம் கறுப்பா கீது. முதுவ தொடச்ச எடம் வெள்ளையா கீது. அயுக்குன்னா துணியில வரணுமா இல்லியா? அஞ்சு வருசமா இந்த ஊர்க் கரிய தொவைக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

துணியைப் பார்த்தேன். முதுகு தேய்த்த பாதி சுத்தமாக இருந்தது. அப்போதுதான் முதன்முதலாக அந்தப் பறவையை முழுதாகப் பார்த்தேன். இறக்கை என் முழங்கையைத் தாண்டி நீண்டது. வால் ஆழமாகப் பிளந்து இரண்டு நீளக் கம்பிகளாக முடிந்தது. எங்கள் ஏரி ஆலாவுக்கு இப்படி வால் கிடையவே கிடையாது. இது கரி படிந்த பறவை இல்லை. இதன் நிறமே கறுப்பு. எங்கேயோ நடுக்கடலில் இருக்க வேண்டியது. புயல் அடித்துக்கொண்டு வந்து இங்கே போட்டிருக்கிறது, நான் அதைப் பாத்திரம் மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பறவை நடுங்கிக்கொண்டிருந்தது, கண்ணை மூடி மூடித் திறந்தது. பையிலிருந்த பறவைப் புத்தகத்தை ஈரக் கையோடு புரட்டினேன். ஒரே பக்கத்தில் இரண்டு படங்கள். இரண்டுக்கும் கறுத்த தலை, நெற்றி வெள்ளை, பிளந்த வால். ஒன்றின் பெயர் சூட்டி டெர்ன், இன்னொன்று பிரைடில்டு டெர்ன்; டெர்ன் என்றால் ஆலாதான். இரண்டுமே நான் கனவிலும் பார்த்திராதவை. அச்சில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

சென்னைக் குழுவில் பட்டியல்களைப் பார்த்துக்கொள்கிற நண்பர் ஒருவர் இருந்தார். வங்கி ஊழியர். கொக்குப் பார்க்க வந்த அந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். அவரை மறுபடி கூப்பிடுவதற்குப் பதில் மாசச் சம்பளத்தையே விட்டுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், சோப்பு உட்பட.

அவர் திட்டவில்லை. “முதல்ல சோப்பை முழுசா அலசுங்க. ஒரு துளி தங்கினாலும் இறகு தண்ணியைக் குடிக்கும். முகத்துல மட்டும் தண்ணி ஊத்தாதீங்க, மூக்குல ஏறிடும். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி, மேல ஒரு குண்டு பல்பு. காயட்டும்” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். “இப்ப சொல்லுங்க. முதுகு சுத்தக் கறுப்பா, பழுப்பு கலந்ததா? நெற்றி வெள்ளை கண்ணோட நின்னுடுதா, கண்ணைத் தாண்டிப் புருவம் மாதிரி பின்னால போகுதா? கண்ணுல படுறதை மட்டும் சொல்லுங்க, ஆசைப்படுறதைச் சொல்லாதீங்க.”

மூன்று தண்ணீர் மாற்றி அலசினோம். பெட்டிக்குள் வைத்து, பல்பைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் முதுகு பழுப்பாகத்தான் தெரிந்தது. நெற்றி வெள்ளையைக் கண்ணால் தொடர்ந்தேன். கண்ணுக்கு மேலே வந்தது, கண்ணைத் தாண்டியது, பின்னால் ஒரு மெல்லிய கோடாக நீண்டது. சந்தேகமே இல்லை. நண்பரை மறுபடி கூப்பிட்டேன்.

“தாண்டிப் போகுது சார். பிரைடில்டு.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“நல்லாப் பார்த்தேன்.”

அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. “நம்ம குழுப் பட்டியலுக்கே இது புதுசு. பிரைடில்டுன்னா கவலை கொஞ்சம் கம்மி. அது கடல்ல மிதக்கிற கட்டை மேலெல்லாம் உக்காரும். அலை உடையற இடத்தைத் தாண்டி, ஒரு பலகையைப் போட்டு அதுமேல விட்டா போதும். சூட்டியா இருந்தாத்தான் கஷ்டம். அது தண்ணியில இறங்கினா இறகு ஊறி மூழ்கிடும். அதை ஆழ்கடல் வரைக்கும் கொண்டுபோய், அதுவே கிளம்பற வரைக்கும் கையில வெச்சிருக்கணும்.” வனத்துறைக்குத் தான் தகவல் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, ஞாயிறு காலை கடலில் விட்டுவிடச் சொல்கிறார்கள் என்றார்.

எடை போட்டு முடித்து வந்த பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். ஏரியில் விட்டிருந்தால் செத்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “கடலுதான வோணும்? நம்ம ஊருக்கு வா. அண்ணன்கிட்ட மீன் போடுற போட்டு இருக்குது. மூணு நாளா யாரும் போவல, நாளைக்குத்தான் எறக்குறாங்க. காலைல நாஷ்டா நம்ம ஊட்ல.”

அக்கா மார்க்கெட்டுக்குப் போய் ஐஸில் வைத்திருந்த நெத்திலி வாங்கி வந்தார். பறவை முதலில் தலையைத் திருப்பிக்கொண்டது. அக்கா மீனின் வாலைப் பிடித்து அதன் மூக்குக்கு நேரே ஆட்டினார். லபக்கென்று மீனோடு சேர்த்து அவர் விரலையும் கவ்வியது. “ஐயையோ, கடிச்சிட்ச்சி!” என்று அவர் கத்தியதில் இருந்த சந்தோஷத்தை, அவர் பிள்ளை பரீட்சையில் பாஸான அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தேன். அன்று மட்டும் பதினோரு நெத்திலி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் அக்காவும் பஸ் ஏறினோம். பொன்னேரியில் மாறி பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்திருந்தது. புயல் மழைக்குப் பிறகு வந்த வெயில், ஊரே தெருவில் நின்றுகொண்டிருந்தது. பாயின் வீட்டில் ஆப்பமும் பாயாவும் தயாராக இருந்தன. மாடியில் நாங்கள் பெட்டியைத் திறந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். நான் சும்மா இருப்பேனா? பிரசங்கம் ஆரம்பித்துவிட்டேன். இது எப்பேர்ப்பட்ட பறவை, இதே மாதிரி இன்னொன்று உண்டு, இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது, கண்ணைத் தாண்டும் இந்தப் புருவக்கோடுதான் சூட்சுமம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கீழே, பாயின் அண்ணனுக்கு மீன் போடுகிற படகுக்காரர் தயாராக இருந்தார். பறவை உட்காருவதற்கு என்று பாய் ஒரு பலகையைக்கூட இழைத்து வைத்திருந்தார்.

பாயின் மனைவி எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு விட நிறுத்தியபோது தயக்கமாக வாயைத் திறந்தார்.

“ஏம்மா, நீ சொல்ற கோடு இந்தப் பக்கம் இல்லியே?”

“இருக்கும்மா, நல்லாப் பாருங்க. மெல்லிசா இருக்கும்.”

“இல்லம்மா. நீயே வந்து பாரேன். ஒரு கண்ணுக்கு மட்டும் மை வெச்ச மாதிரி கீது.”

எழுந்து அந்தப் பக்கம் போனேன். குனிந்தேன். நெற்றி வெள்ளை அகலமாக வந்து, கண்ணோடு நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் சுத்தக் கறுப்பு. கோடு கிடையாது.

நான் எதுவும் சொல்வதற்குள் அவர் முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, பறவையின் தலையை இன்னொரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, நான் முதலில் பார்த்த பக்கத்துக் கண்ணுக்குப் பின்னால் மெதுவாக ஒரு துடைப்புத் துடைத்தார். கோடு போய்விட்டது. முந்தானையை முகர்ந்து பார்த்தார்.

“சோப்புமா” என்றார்.

முகத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அலசாமல் விட்ட இடம். அங்கே தெறித்த நுரை காய்ந்து புருவமாக நின்றிருக்கிறது. நான் எந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்துகிறவனைப் பிடித்துக் கத்துகிற வேலை. அழுக்கு என்று தேய்த்த கறுப்பு பறவையுடையது. பறவையுடையது என்று பட்டியலில் ஏற்றிய வெள்ளை அழுக்கு. நடுவில் நான்.

பறவையை வெயிலில் திருப்பினேன். முதுகில் பழுப்பு என்று ஒரு பொட்டு இல்லை. தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒரே மையாக ஓடியது. பழுப்பு, குண்டு பல்பின் உபயம். இது சூட்டி டெர்ன். சூட்டி என்றால் ‘கரி படிந்தது’; அப்படிப் பெயர் வைத்த ஆசாமியும் என்னைப் போல ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று தோன்றியது. படகு தயார், பலகை தயார். சென்னையில் இந்நேரம் எல்லோருக்கும் செய்தி போயிருக்கும். முதலில் கொக்கு, அப்புறம் சோப்பு, இப்போது இது. இனி என் பேச்சை யார் நம்புவார்கள்? பறவை தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அதற்கு என் மானத்தைப் பற்றி என்ன கவலை? பலகையில் விட்டால் அது தண்ணீரில் சறுக்கும், ஊறும், மூழ்கும். போனை எடுத்தேன்.

“சார், நேத்து நான் சொன்னது தப்பு. அது புருவம் இல்ல, சோப்பு.”

அந்தப் பக்கம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை அவரால். எனக்கும் தொற்றிக்கொண்டது. மாடியில் இருந்த பெண்களுக்கு விஷயம் முழுசாகப் புரிந்ததோ இல்லையோ, அவர்களும் சிரித்தார்கள். அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். “சோப்பு, சோப்பு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்து முடித்து நண்பர் சொன்னார். “நல்லவேளை சொன்னீங்க. பலகையைத் தூக்கிப் போடுங்க. வெயில்ல வெச்சு, அது தானே அலகால இறகைக் கோதி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போங்க.”

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பறவை ஒவ்வொரு இறகாக எடுத்து, வாலடியில் அலகைத் தேய்த்து, எண்ணெய் பூசிக் கோதியது. கல்யாணப் பெண் அலங்காரம் தோற்றது போங்கள். படகுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டு முணுமுணுத்தார். “அலை தாண்டி உட்டா போதும்னாங்க. இப்ப ஆழத்துக்குப் போவணும்னா பேஜாரு. கடலு இன்னிக்குதான் அடங்கிகீது.” பாய் அவர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்தவர் பறவையை உற்றுப் பார்த்தார். “இத்த நான் பாத்துகீறேன். கரைக்கு வராது இது. ரொம்ப ஆழத்துல சூரை மீனு ஓடும்போது மேலயே பறந்துக்கினு போவும். சரி, வா, போலாம்” என்றார்.

ஏரியைக் கடந்து முகத்துவாரத்தில் படகு முதல் அலையில் ஏறியபோது விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அலைகள் உடையும் இடத்தைத் தாண்டினோம். கலங்கல் நிறம் போய்ப் பச்சை வந்தது, பச்சை போய் நீலம் வந்தது. காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கரை ஒரு கோடாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. படகுக்காரர் எஞ்சினைத் தணித்து, படகின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினார்.

பறவையை எடுத்து இரண்டு உள்ளங்கைகளிலும் நிறுத்தினேன். அது போகவில்லை. காற்று அதன் முதுகு இறகுகளைக் கிளப்பியது, மறுபடி படுக்கவைத்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நான் அலசியது போதவில்லையோ, உள்ளே எங்காவது சோப்பு தங்கிவிட்டதோ என்று பயந்தேன். என் கையால் செத்துப்போகாதே என்று அதனிடம் வாய்விட்டே சொன்னேன்.

இறக்கையை விரித்தது. ஒரு எம்பு. என் கையில் நகம் பதிந்தது. பிறகு நேராகக் கீழே போயிற்று. தண்ணீருக்கு ஒரு ஜாண் உயரம். அக்கா “அல்லேலூயா”வும் “முருகா”வும் ஒரே மூச்சில் சொன்னார். இறக்கை நுனி ஒரு அலையின் உச்சியைத் தொட்டது, தொட்டவுடன் அந்தப் பறவை சர்ரென்று மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மேலே கறுப்பு, கீழே வெள்ளை, நீல வானத்தில் வெட்டி ஒட்டியது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. படகைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, கரகரவென்று உரக்கக் குரல் கொடுத்தது.

“இன்னாமா, திட்டிக்கினே போவுது!” என்றார் பாய்.

“சோப்பு போட்டா திட்டாதா பின்ன?” என்றார் அக்கா. நான் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன். படகுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து அதன் பக்கமாக ஆட்டினார். கிழக்கே ஒரு புள்ளியாகி மறைகிற வரை நாங்கள் நான்கு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். அந்த ஆட்டத்தில் உட்கார வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது எனக்குக் கல்யாணமாகி, வேலையும் ஊரும் மாறிவிட்டன. பறவை பார்ப்பதை மட்டும் விடவில்லை. அந்த நாளுக்குப் பிறகு புதிதாக எதைப் பார்த்தாலும் சுற்றி வந்து அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்கிறேன், மனிதர்களையும் சேர்த்து. அப்படியும் தவறு வரத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் ‘நான் சொன்னது தப்பு’ என்று சொல்ல நாக்கு தயங்கும். அந்த வகைப் பறவை முப்பது வருடத்துக்கு மேல்கூட வாழுமாம். நான் அன்றைக்கு வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதால் ஓர் உயிர் இன்றைக்கும் எங்கோ நடுக்கடலில் பறந்துகொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன், தயக்கம் போய்விடும், சொல்லிவிடுவேன்.